சத்தம் போடாத மில்

போன மாதம் என் மகன் நாமக்கல்லிலிருந்து ஒரு பேட்டரிக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். வந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். நாய்கூடக் குரைக்கவில்லை என்றால் பாருங்களேன். நாய்க்கே தெரியாமல் வருகிற வண்டியை ஊர் எப்படி நம்பும்?

கொஞ்ச நேரத்தில் சனம் கூடிவிட்டது. "பாதி வழியில கரண்டு தீர்ந்து போச்சுன்னா என்னங்க பண்றது?" "மழையில நனைஞ்சா ஷாக் அடிக்காதுங்களா?" "கொல்லிமலை ஏறுமாங்க?" "அல்லாரும் இதையே வாங்குனா கரண்டுக்கு எங்க போறதாமா?" ஒருவர் காரை நாலு பக்கமும் சுற்றி வந்து, குனிந்து, புகைக்குழாயைத் தேடினார். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் என் மகன் உள்ளே வந்தான். "நம்ம சனம் இன்னும் இதுக்கெல்லாம் தயாராகலைம்மா" என்று அலுத்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதே கேள்விகளை இதே வாசலில் நின்று நான் கேட்டவள். அப்போது வந்தது கார் அல்ல, மோட்டார். எங்கள் மாவு மில்லில் டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரண்டு மோட்டார் மாட்டினோம். இவன் அப்போது தூளியில் கிடந்தான். இவனுக்கு என்ன தெரியும்?

எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி, நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்தேன். வீட்டை ஒட்டியே மில். மில்லை ஒட்டிக் கிணறு. மில்லுக்குள் ராகி, கம்பு, மிளகாய், மஞ்சள் எல்லாம் ஒரே கல்லில் அரைபடும். மஞ்சள் அரைத்த அன்று மாமனாரின் மீசை, வேட்டி, காதோரம் எல்லாம் மஞ்சளாக, மாரியம்மன் கோயில் பூசாரி மாதிரி வருவார். மிளகாய் அரைத்த அன்று வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தும்மிக்கொண்டே சாப்பிடுவோம்.

அந்த மில்லுக்கு உயிர், ஓர் ஓரத்தில் நின்ற டீசல் எஞ்சின். மாமனார் அதைப் பெற்ற பிள்ளைக்கு மேல் வைத்திருந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து அதற்குத் திருநீறு பூசிய பிறகுதான் தன் நெற்றியில் பூசிக்கொள்வார். அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் கட்டுவார். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தபோது "என்னாச்சு அம்முணி?" என்று ஒரு வார்த்தை கேட்டார். எஞ்சின் ஒரு நாள் இருமியபோது அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் பொய் சொல்லவில்லை.

எஞ்சினுடைய பெருமையே அதன் சத்தம்தான். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே நீட்டி, அதன் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் தொங்க விட்டிருந்தார். புகை முட்டும்போதெல்லாம் அது "குக்... குக்... குக்..." என்று கூவும். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் களை எடுக்கிற பெண்களுக்குக்கூடக் கேட்கும். அதைக் கேட்டால்தான் மில் ஓடுகிறது என்று அர்த்தம். ராகியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். சத்தம் இல்லையென்றால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காட்டுக்குச் சோறு கொண்டு போவது, எருமையைத் தண்ணீர் காட்டப் பிடித்துப் போவது எல்லாம் அந்தக் "குக் குக்"கை வைத்துத்தான். ஊரில் கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட அதை அலங்காரத்துக்குத்தான் மாட்டியிருந்தார்கள்.

எஞ்சினைக் கிளப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. கனமான இரும்புக் கைப்பிடியை அச்சில் மாட்டி, சக்கரத்தை மூச்சுப் பிடிக்கச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரைத் தட்டிவிட்டு, கைப்பிடியைச் சட்டென்று உருவ வேண்டும். கொஞ்சம் தப்பினால் எஞ்சின் எதிர்த்து அடிக்கும். அந்த வேலை என் வீட்டுக்காரருடையது.

ஒரு மழைநாளில் அது அடித்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். எஞ்சின் "குக்" என்று ஒரே ஒரு தரம் கூவி நின்றது. பின்னாலேயே அவர் அலறிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ராசிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டுப் போட்ட டாக்டர், கட்டைப் பிரித்த நாளில் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "எலும்பு ஏதோ கூடியிருக்கும்மா. ஆனா இன்னொரு அடி இதே இடத்துல பட்டா, இந்தக் கை சோறு பிசையக்கூட ஆகாது. பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளாமல் என்ன? நான் அன்றைக்கே பஸ்ஸில் வரும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, இனிமே அந்தக் கைப்பிடியைத் தொட்டீங்கன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டு என்ற அப்பன் ஊட்டுக்குப் போயிருவேன். கரண்டு வாங்குங்க, மோட்டார் மாட்டுங்க, இல்லாட்டி மில்லையே இழுத்து மூடுங்க." பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் புருசன் கை.

மாமனாரிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியாது. ஏதோ அவரை வீட்டை விட்டுப் போகச் சொன்ன மாதிரி. "கரண்ட நம்பி ஆராச்சும் மில்லு நடத்துவாங்களா? அது நெனச்சா வரும், நெனச்சாப் போவும். இது என்ற சொல்லுக் கேக்கும்" என்று எஞ்சினைத் தடவிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பாதியில் கரண்டு போனால் என்ன செய்வது, ஈரத்தில் ஷாக் அடிக்காதா, கல் சுற்றுமா சுற்றாதா என்று லைன்மேனை நான் கேட்காத கேள்வி இல்லை. அவர் கம்பத்தின் மேலே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, ஒண்ணு நான் கம்பி கட்டோணும், இல்ல பதில் சொல்லோணும்" என்றார்.

எப்படியோ மோட்டார் வந்தது. எஞ்சினைத் தள்ளி வைக்கவில்லை. அதன் மேல் கோணிச்சாக்கைப் போர்த்தி, அதற்கு எதிர்ப்பக்கம் மோட்டாரை மாட்டினோம். நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, சுவரில் இருந்த பச்சை பட்டனை என் வீட்டுக்காரர் அழுத்தினார். மாமனார் அந்தப் பட்டனைத் தொட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெல்ட் ஓடியது. கல் சுற்றியது. "கொர்ர்" என்று மில்லுக்குள் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் வரவில்லை. மத்தியானம் ஆச்சு. ஓர் ஈ வந்தது. மாலையில் பக்கத்து வளவு அக்கா தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு வந்தபோது, "ஏனுங்க்கா, ராகி கொண்டாரலீங்களா?" என்று கேட்டேன். "மில்லுதான் இன்னைக்கு ஓடலியே கண்ணு, சத்தமே காணோம்?" என்றார். "ஓடுச்சுங்க்கா, காத்தாலேருந்து ஓடுது!" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிள்ளை பெற்ற உடம்பு, ஏதோ பேசுகிறது என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் வந்தார்கள். அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. கரண்டில் அரைத்த மாவில் இருக்கிற சத்தெல்லாம் கம்பி வழியாகப் போய்விடுமாம். களி கிண்டினால் கட்டி கட்டியாக நிற்குமாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் உடம்பு விர்ரென்று இழுக்குமாம். எனக்கு வந்ததே கோபம்! வாசலில் அடுப்பு மூட்டி, எங்கள் மாவில் களி கிண்டி, கீரைக் கடைசலோடு வந்தவர் போனவருக்கெல்லாம் உருண்டை போட்டேன். நன்றாகச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். கடைசியில் ஒரு அம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ருசியெல்லாம் இருக்குது சாமி. ஆனா எஞ்சின் மாவாட்டம் வகுத்துல நிக்க மாட்டேங்குது." வயிற்றுக்குள் போய் நிற்கிறதா உட்கார்கிறதா என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிட்டது என் கதை. மாமனார் கோணிச்சாக்கு போர்த்திய எஞ்சின் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். துக்க வீட்டில் படுத்திருக்கிற மாதிரி. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனையைக் கேட்டு இன்றைக்கும் எங்கள் சொந்தபந்தத்தில், ஒரம்பரையில் சிரிக்காத ஆள் இல்லை. "காத்தால கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓட விடலாம். சத்தத்துக்கு மட்டும். சனம் சேர்ந்ததும் நிறுத்திப்போட்டு மோட்டார்ல அரைக்கலாம்."

"ஹேண்டில் ஆரு போடுறது?" என்றேன் வெடுக்கென்று.

மாமனார் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "நான் போடுறேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வயதில் அவருக்கு அது ஆகிற வேலையில்லை. லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கிச் சுற்றுவார். ஆனாலும் கிளப்பிவிடுவார். "குக்... குக்..." என்று டப்பா கூவியதும் மீசையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்து நிற்பார்.

சனம் வந்தது ஐயா! கூடை கூடையாக வந்தது. பேச்சுச் சத்தத்தில் எஞ்சின் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. மோட்டார் தன் பாட்டுக்கு அரைத்துக் கொடுத்தது. வயிற்றில் மாவு நிற்கவில்லை என்று சொன்ன அந்த அம்மாவும் வந்தார். மாவை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இது மாவு! எஞ்சினுக்கு மாறுனீங்க பாருங்க, அப்பவே ருசி திரும்பிருச்சு" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

சிரிப்பெல்லாம் மாரியம்மன் நோம்பி வரைக்கும்தான். நோம்பியன்று பொழுதோடு மாவிளக்கு எடுக்க வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு அரைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து விளக்காகப் பிடிப்பார்கள். ஈர அரிசியை வைத்திருக்க முடியாது, புளித்துவிடும். அன்றைக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. விடிந்தும் விடியாமலும் ஊரே குண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. மோட்டார் ஓடியது. நாலைந்து பேருக்கு அரைத்திருப்போம். பெல்ட் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. கரண்டு போய்விட்டது.

"வந்துரும், வந்துரும்" என்றோம். வரவில்லை. வெயில் ஏறியது. "சாமிக்கு ஊற வெச்ச அரிசிங்க, புளிச்சுப்போனா குத்தமாயிரும்" என்று ஒரு குரல். "அந்த எஞ்சினுதான் இருக்குதே, கிளப்புங்களே!" என்று இன்னொரு குரல். மாமனார் போனார். பெல்ட்டை எஞ்சினுக்கு மாற்றினார்கள். அவர் சுற்றினார். அன்றைக்கென்று சக்கரம் வேகம் எடுக்கவே இல்லை. மறுபடியும் சுற்றினார். கண் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். கைப்பிடி அச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்க் கைப்பிடியில் வலது கையை வைத்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இடுப்பில் இருந்த பிள்ளை வீறிட்டு அழுதது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் போவதற்குள் அவர் சுற்றத் தொடங்கிவிட்டார். சக்கரம் அசைந்தது. எலும்பு கூடின இடத்தில் அந்த மேடு, தோலுக்குக் கீழே தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"எடுடா கைய!"

மாமனார்தான். சுவரை விட்டு எழுந்து வந்து மகனைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். கைப்பிடியை அச்சிலிருந்து உருவினார். வெளியே போனார். கிணற்று மேட்டில் ஏறி நின்று, அந்த இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளே எறிந்தார். தண்ணீர் எழும்பிக் கரையில் அடித்த சத்தம் மில்லுக்குள் கேட்டது.

திரும்பி வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எஞ்சினு போனா இன்னொன்னு வாங்கிக்கலாம். என்ற பையன் கை எந்தக் கடைல விக்குது, சொல்லுங்க பார்க்கலாம்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனுசனை எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருப்பேன்! எஞ்சின் எஞ்சின் என்று கிடக்கிறாரே, பிள்ளை கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா என்று. அவர் பேசாமல்தான் இருந்தார். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கூட்டத்தில் முதலில் அசைந்தது வயிற்றில் நிற்காத மாவு அம்மாதான். "வாங்கடி, ஊட்டுல உரலும் உலக்கையும் எங்கீம் போயிரல. ஒட்டுக்கா இடிச்சா வெரசா ஆயிரும்" என்று குண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மாவிளக்கு பொழுதோடு கோயிலுக்குப் போய்விட்டது. அம்மன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கரண்டு எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வந்தது.

மறுநாள் காலையில் மாமனார் குளித்துவிட்டு மில்லுக்கு வந்தார். திருநீற்றுக் கையோடு எஞ்சின் பக்கம் போனார். நின்றார். கோணிச்சாக்கை இழுத்து நன்றாக மூடினார். பிறகு பெல்ட்டை மோட்டாருக்கு மாற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் வந்து, பச்சை பட்டன் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூன்று விரலால் பட்டை போட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். மாமனார், "நீ உக்காரு சாமி" என்று மகனிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பச்சை பட்டனை அவரே அழுத்தினார். ஷாக் அடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அழுத்தியவுடன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கல் சுற்றியது.

அப்புறம் மில்லுக்குப் பின்னால் போய், கல்லை நெம்புவதற்கு வைத்திருந்த ஒடிந்த லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை எடுத்து வந்தார். வேப்ப மரத்தில் கம்பி போட்டுத் தொங்க விட்டார். ஒரு போல்ட்டை எடுத்து அடித்தார். டண், டண், டண்ணென்று அது எஞ்சினைவிட எட்டக் கேட்டது. கரண்டு இருந்தால் விடாமல் அடிப்பார். போய்விட்டால் ஒற்றை அடி, நிறுத்தி ஒற்றை அடி. ஊர் அதைப் புரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாவு அரைக்க வருகிறவர்களைவிடக் காட்டுக்காரர்கள்தான் அந்த மணியை நம்பினார்கள். அப்போது ஒவ்வொருவராகக் கிணற்று எஞ்சினை விட்டுக் கரண்டு மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடுவதற்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பட்டை அடித்தால், "மில்லுல கரண்டு வந்திருச்சு, ஓடு, மோட்டாரைப் போடு" என்று மடை திருப்பக் கிளம்புவார்கள். மணி கேட்காவிட்டால், "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்று மாமனாரிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். கரண்டை நம்பி யாராவது மில் நடத்துவார்களா என்று கேட்டவர், ஊருக்கே கரண்டுக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டார். அவருக்கு அதில் ஒரே பெருமை. கரண்டுக்காரங்க வீட்டு மருமகள் என்று என்னையும் சொன்னார்கள்.

ஒரு தரம் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது கரண்டு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போல்ட்டை எடுத்து நாலு அடி அடித்தார். பாதி வழியிலிருந்து மாமனார் ஓடி வந்துவிட்டார். "ஆரு உன்னை அடிக்கச் சொன்னது? கை அதிருமல்லோ?" என்று போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பட்டையைக்கூட மகனை அடிக்க விடவில்லை.

போன மாதம் காரைப் பார்க்க வந்த சனமெல்லாம் கலைந்துபோன பிறகு என் மகன் அப்பாவைக் கூப்பிட்டுக் காரில் உட்கார வைத்தான். "இந்த பட்டனை அமுக்குங்கப்பா, அவ்வளவுதான்" என்றான். அவர் அந்த வலது கையை நீட்டி அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. "ஓடுதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் போய், வேப்ப மரத்தில் இன்னும் தொங்குகிற பட்டையில் மூன்று அடி அடித்துவிட்டு வந்தேன்.